மதில் இல்லாத நகரம்

கணினியில் ஆடும் போர் விளையாட்டில் ஜெசிந்தாவுக்குத் தோல்வியே இல்லாமல் போயிற்று. சலித்துப்போய்த் தனக்குத் தானே விதி போட்டுக்கொண்டாள். முதலில், குதிரைப்படை கூடாது. அதிலும் ஜெயித்தாள். இந்த முறை, நகரத்துக்கு மதிலே கூடாது.

எதிரிப் படை சாரிசாரியாக வந்தது. திறந்து கிடந்த தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டது. ஓர் அம்புகூடப் பறக்கவில்லை.

“என்னட்டி, ஹேங் ஆயிட்டா?” என்று எட்டிப் பார்த்தான் கணவன் அருமை.

“இல்ல, கொடியெல்லாம் ஆடுது பாருங்க.”

“அப்ப அவனும் ஏதோ விதி வச்சிருக்கான்போல” என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அது என்ன விதியென்று தெரிந்தாக வேண்டும். தன் விதியை மீறி, ஒரே ஒரு மதில் கல்லைத் தெருமுனையில் வைத்தாள். மொத்தப் படையும் குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தது. பிறகு வரிசையிலிருந்து ஒருவன் மட்டும் முன்னால் நடந்து வந்தான். அதன்மேல் அடுக்க அவன் கையிலும் ஒரு கல் இருந்தது.