இருபது வருட அனுபவசாலி

"ஒரே ஒரு வரிங்க. அதை எழுதாம விட்டுட்டாங்க. அதுக்கு என் வேலை போகணுமா?" என்றாள் மனிஷா, லேப்டாப்பை முறைத்தபடி.

சுரேந்தர் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மைசூரு பஸ் நிலையத்தில், விசாரணைக் கவுண்டரில் அவனுக்கு வேலை. மதியம் இரண்டு மணி ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டும்.

"மறுபடி சொல்லு, என்னதான் சிக்கல்?"

பத்தாவது முறையாகச் சொன்னாள். நாம் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர். அதற்கு அங்கங்கே சில குறிப்புகள் தர வேண்டும். இனி அவற்றை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள், புது முறையில்தான் எழுத வேண்டுமென்று கம்பெனியில் உத்தரவு. கம்பைலரின் கையேடோ, புது முறையும் செல்லும் என்று சொல்லிவிட்டு, குறிப்பை அது எதைப் பற்றியதோ அதன் பெயருக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதை மட்டும் விழுங்கிவிட்டது. ஒரு இடத்தில் ஏற்றுக்கொள்வதை அடுத்த இடத்தில் 'புறக்கணிக்கப்பட்டது' என்கிறது. நாளை காலைக்குள் இருநூறு இடங்களில் மாற்றியாக வேண்டும். அவளை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் நாளைக்குத்தான்.

"கம்பைலர்காரங்க ஃபோரத்துல கேட்டு ஒன்பது நாளாச்சு. ஒருத்தரும் வாயைத் திறக்கல."

"அங்கயும் அப்படித்தானா?" என்றவன், மறுபடி போனைத் தட்டத் தொடங்கினான்.

மனிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி வேலை ஊசலாடுகிறது, இந்த மனுஷனுக்குப் போன் கேட்கிறது. எழுந்து அடுப்படிக்குப் போனாள். எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள். பால்கனியில் நின்றாள், மறுபடி வந்து ஃபோரத்தைத் திறந்தாள்.

ஒரு பதில் வந்திருந்தது. 'எக்ஸ்பர்ட்20' என்று யாரோ. முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் ஒன்றுதானாம். இதுகூடத் தெரியாதவர்கள் புரோகிராம் எழுதக் கூடாதாம். தனக்கு இருபது வருட அனுபவமாம்.

அவள் திட்டி எழுதி முடிப்பதற்குள் அந்த ஆள் மேல் படையே பாய்ந்துவிட்டது. அரை மணி நேரத்தில் பதினோரு பேர். கடைசியில் அந்தக் கம்பைலரை உருவாக்கியவர்களில் ஒருவரே வந்து, எந்த இடத்தில் முன்னால், எந்த இடத்தில் பின்னால் என்று உதாரணங்களோடு எழுதிவிட்டுப் போனார்.

அதன்படியே மாற்ற ஆரம்பித்தாள். ஒன்றரை மணிக்குள் பாதி முடிந்தது. ஒரு இடத்தில்கூடக் கம்பைலர் முரண்டு பிடிக்கவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

"ஆனா அந்த எக்ஸ்பர்ட் சரியான முட்டாளுங்க. புரோகிராம்ல அனா ஆவன்னா கூடத் தெரியாது. நானும் நறுக்குனு நாலு வார்த்தை போட்டேன்."

"நிஜந்தான், தெரியாது" என்றான் சுரேந்தர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. "தினமும் கவுண்டர்ல இருந்து பாக்கறேன். குண்டலுபேட்டை பஸ் எங்க நிக்கும்னு யாராவது கேட்டா, பக்கத்துல நிக்கறவங்க காதுலயே வாங்க மாட்டாங்க. ஒருத்தன் தப்பா கை காட்டினாப் போதும், பத்துப் பேர் ஓடி வந்து சரியாச் சொல்லுவாங்க."

மனிஷா புரியாமல் அவனைப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த அவன் போன் அப்போதுதான் ஒளிர்ந்தது: 'எக்ஸ்பர்ட்20, தவறான பதில் எழுதியதற்காக உங்கள் கணக்கு முடக்கப்பட்டது.'