அரைவேக்காட்டு அத்தான்

"மறுபடியும் படுத்துடுச்சா, அத்தான்?"

பதில் வருமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அக்கா புருஷன் இப்படி உச்சுக் கொட்டினால் கணினி போய்விட்டது என்று அர்த்தம்.

"காலையில புதுப் பதிப்பு ஒண்ணு ஏத்தினேன். எழுந்திருக்க மாட்டேங்குது."

"முழுசா வெந்தது இருக்கு. அதை விட்டுட்டு எதுக்கு அரைவேக்காட்டையே அள்ளிப் போட்டுக்கறீங்க?"

இரண்டு பேர் கணினியிலும் ஓடுவது ஒரே இயங்குதளம்தான். பல தேசத்துக்காரர்கள் சேர்ந்து எழுதி, இலவசமாகவே கொடுப்பது. அவளுடையது எல்லாம் சரிபார்த்து வெளியிட்ட பதிப்பு. ஆறு வருடமாக மக்கர் செய்ததில்லை. அத்தானோ இன்னும் எழுதி முடியாத சோதனைப் பதிப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

"வாரத்துல மூணு நாள் அதோட மல்லுக்கட்டு. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது," என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து.

அத்தான் சிரித்தார். அவ்வளவுதான்.

இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது வேலை. திரையில் உள்ளதையெல்லாம் கணினிதான் வாசித்துச் சொல்லும். ஆறு வருடத்துக்கு முன், பழைய அலுவலகத்தில் புதுப் பதிப்பு ஏற்றிய அன்று அந்தக் குரல் நின்றுபோனது. நான்கு நாள் ஊமைக் கணினி. ஐந்தாம் நாள் வேலை இல்லை.

இப்போது இந்த அலுவலகமும் புதுப் பதிப்பை ஏற்றச் சொல்கிறது.

அத்தானைக் கேட்கலாம். தன் கணினியையே காப்பாற்றத் தெரியாதவரிடமா? அலுவலகக் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டாள்.

"குரல் நிக்காதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"தைரியமா ஏத்துங்கக்கா," என்றாள் அங்கிருந்த பெண். "போன மாசம் சோதனைப் பதிப்புல நின்னுச்சு. உங்க மாடல்லயேதான். ஒருத்தர் உடனே கண்டுபிடிச்சுப் புகார் எழுதிட்டார். சரி பண்ணியாச்சு."

"யாரு அவர்?"

"ஆறு வருஷமா அதே ஆள்தான். இந்தப் பழைய மாடலைத் தேடிப் பிடிச்சு வாங்கினாராம். குரல்ல எந்தக் கோளாறு வந்தாலும் முதல்ல அவர் தலையிலதான் விழும்."

போனைத் துண்டிக்காமலே ஏற்றினாள். கணினி அணைந்தது. விசிறி மறுபடி சுழலும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கம்," என்றது பழகிய குரல்.

அவள் போனை மறுபடி காதில் வைத்தாள்.

"முகம் தெரியாத மனுஷன். அவரும் அவர் குடும்பமும் நல்லா இருக்கணும். நாலு வரி நன்றி எழுதணும்மா. பேர் என்ன?"

"ஏதோ பட்டப்பெயர்தான் போட்டிருக்கார். ஆனா ஒவ்வொரு புகாருக்கும் கீழே ஒரே விஷயத்தைத்தான் எழுதுவார். படிக்கட்டுமா?"

"படிம்மா."

"'என் கணினி எத்தனை முறை படுத்தாலும் பரவாயில்லை. என் மச்சினியின் கணினி ஒரு நாள்கூட ஊமையாகக் கூடாது.'"