பெல்நாப்புக்கு யாரு?

மார்ச் மாத ஊர்க் கூட்டம். மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையேறிய ஜோதம் பெல்நாப் கோட்டுக் கையை மெல்லப் பின்னால் மறைத்துக்கொண்டார். நைந்து வெளுத்த அதன் விளிம்பைக் காலையில்தான் மை தடவிக் கறுப்பாக்கியிருந்தார்.

இதே மேடையிலிருந்துதான் வெர்மான்ட் சட்டசபைக்குப் போனார். பிறகு இரண்டு முறை வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்கும் போனார். எழுபத்தாறு வயதில் மறுபடியும் ஊர் அவர் பெயரைச் சொல்கிறது.

"பெல்நாப்புக்கு யாரு?" என்றார் கூட்டத் தலைவர்.

"நானிருக்கேன்!" ஏபல் தாட்சரின் கை உயர்ந்தது. பக்கத்துப் பண்ணைக்காரன், ஒவ்வொரு தேர்தலிலும் அவருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன். "தொண்ணூறு!"

ஜோதமுக்கு மூச்சு வந்தது. ஏபல் கடைசிவரை நின்றால் போதும், பிழைத்துக்கொள்வார்.

"எண்பது!" பின்வரிசையில் ஓபெட் கிரவுச் எழுந்தான். கல்குவாரிக்காரன். கொட்டும் பனியிலும் ஆட்களைக் கல்லுடைக்க வைப்பவன். ஜோதமுக்கு ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை.

கூட்டம் சிரித்தது. "என்ன ஓபெட், கட்சி மாறிட்டியா?"

"வயசானா புத்தி வரும்ல!"

"எழுபது," என்றான் ஏபல். அவன் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை. பக்கத்திலிருந்த அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "வீட்ல ஆறு புள்ளைங்கடா. யோசிச்சுப் பேசு."

"அறுபது!" என்ற ஓபெட் மேடையைப் பார்த்தான். "கை கால் நல்லாருக்கா பெரியவரே? வாய் தேயலைங்கிறது ஊருக்கே தெரியும்!"

மறுபடியும் சிரிப்பு. ஜோதம் ஏபலையே பார்த்தார்.

"ஏபல், இன்னும் ஒரு வாட்டி சொல்லுப்பா. ஒரே ஒரு வாட்டி."

இந்த மேடையில் நின்று அவர் யாரிடமும் கெஞ்சியதில்லை. ஏபல் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"முடியலைய்யா. மன்னிச்சுக்கோங்க."

தலைவரின் சுத்தியல் மேசைமேல் விழுந்தது. "ஓபெட் கிரவுச்!"

ஜோதம் தலைவர் பக்கம் திரும்பினார். "இது நியாயமில்லை. ஏபல்தான் முதல்ல கை தூக்கினான். அதிகமாச் சொன்னதும் அவன்தானே!"

தலைவர் குனிந்து அவர் காதோடு சொன்னார்:

"ஐயா, நாதியத்த கிழவங்களுக்குச் ஒரு வருஷம் சாப்பாடு போட ஊர்கிட்ட எவன் கம்மியா டாலர் கேக்கிறானோ, அவன்கிட்டயே அவங்களை ஏலத்துல விடணும்னு சட்டம் கொண்டுவந்தது நீங்கதானே?"