சொல்லி அனுப்புறோம்

மாப்பிள்ளையின் தாய்மாமன் காசிநாதன் கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தார்.

பெண் சேலை கட்டி வரும்வரை அவருக்குப் பொழுது போக வேண்டாமா.

"இத்தப் பாருங்க, பொண்ணு பாக்கப் போற கத. ஒவ்வொண்ணும் ரெண்டு நிமிசந்தான். சிரிச்சே வயிறு புண்ணாப் பூடும்."

இங்கே சிக்னல் சரியாக வராதுங்க, டிவி போடட்டுமா என்று பெண்ணின் தம்பி சின்னதுரை கேட்டுப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை. வடக்கனந்தலில் இருந்து பெண் பார்க்க வந்திருந்த அத்தனை பேரும் பாயோடு நகர்ந்து தலையை நீட்டினார்கள்.

அது ஒரு கார்ட்டூன் தொடர். 'சொல்லி அனுப்புறோம்' என்று பெயர். பேச்சு கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும் என்பதால், பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள் என்று முதலிலேயே போட்டுவிடுவார்கள்.

அதில் வாரத்துக்கு ஒரு கூட்டம் பெண் பார்க்க வரும். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று சோற்றை மறுத்துவிட்டு, பஜ்ஜியையும் கேசரியையும் தட்டோடு வழித்துத் தின்னும். எங்கள் வீட்டுக் கட்டில் தாங்குமா என்று மாப்பிள்ளையின் பெரியம்மா பெண்ணை மேலும் கீழும் அளப்பாள். கடைசியில், போய்ச் சொல்லி அனுப்புறோம் என்று ஏப்பம் விட்டபடி எல்லாரும் எழுந்து போவார்கள்.

பெண்ணுக்கு மட்டும் முகம் கிடையாது. அவ்வளவு உயரம். கழுத்துக்கு மேலே படத்துக்கு வெளியே போய்விடும். தட்டும் வளையல் கையும்தான் தெரியும். அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

அதை வரைகிறவன் கள்ளக்குறிச்சி பேனர் கடையில் வேலை செய்யும் சின்னதுரைதான். வீட்டில் யாரிடமும் அவன் சொன்னதில்லை. எப்படிச் சொல்வான்? படத்தில் வரும் பெண் அவனுடைய அக்கா ராஜாம்பாள்.

முகத்தைத்தான் மறைத்துவிட்டோமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டான். மடையன். ராஜாம்பாளுக்கு ஊரில் அடையாளம் சொல்வதே அந்த உயரத்தை வைத்துத்தான். வந்தவர்கள் எல்லாம் அவளை வேண்டாம் என்றதும் அதற்காகத்தான்.

ஒவ்வொரு கூட்டமும் போன பிறகுதான் சின்னதுரை கடையிலிருந்து வருவான். ராஜாம்பாள் எச்சில் தட்டுகளைக் கழுவிக்கொண்டே அவர்களைப் போல நடித்துக் காட்டுவாள். மூக்குப்பொடி போட்டுக்கொண்டு ஜாதகத்தின் மேலேயே தும்மிய பெரியவர். காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்து விக்கை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே காப்பி குடித்த மாப்பிள்ளை. சின்னதுரை விழுந்து விழுந்து சிரிப்பான். பாவம், அக்காவுக்கு மனசு ஆறட்டும் என்று சிரிப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். மறுநாள் கடையில் உட்கார்ந்து அதையே வரைவான்.

உளுந்தூர்பேட்டை ஓட்டலில் லாரிக்காரர்கள் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே அதைப் பார்த்துச் சிரித்ததை அவன் நேரில் கண்டிருக்கிறான். அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் வரைவதை நிறுத்தவில்லை.

உள்ளே கொலுசுச் சத்தம் கேட்டது.

ராஜாம்பாள் பஜ்ஜித் தட்டோடு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்து நிமிர்ந்தாள்.

பாயில் இருந்தவர்களின் கண்ணுக்கு முதலில் தட்டு தெரிந்தது. அப்புறம் வளையல் கை. முகத்தைப் பார்க்க எல்லாரும் கழுத்தைத் தூக்க வேண்டியிருந்தது.

சிரிப்பு அடங்கிப்போனது.

காசிநாதன் படத்தைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். கைப்பேசியை அவசரமாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பைக்குள் இருந்து அது ஏப்பம் விட்டது.

சின்னதுரைக்கு உடம்பெல்லாம் கூசியது. இதுவரை வந்த இடமெல்லாம் உயரத்தால் போனது. இந்த இடம் போனால் அது தன்னால்தான். அம்மா தைலம்மாளின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

மாப்பிள்ளை அய்யனார் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான். அறுவடை வண்டி ஓட்டுகிறவன். உள்ளே வரும்போதே வாசல் நிலையில் நன்றாக இடித்துக்கொண்டிருந்தான். ராஜாம்பாளை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு தன் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

அந்த அம்மாள் பஜ்ஜித் தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"பலகாரம்லாம் இருக்கட்டும்மா. எல போடுங்க, கை நனைச்சிட்டே போறோம்."

தைலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சின்னதுரைக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. அதற்குள் வேறொரு நினைப்பு முந்திக்கொண்டு வந்தது. சே, நானெல்லாம் ஒரு தம்பியா என்று அதை உதறிவிட்டு, இலை எடுக்க அடுப்படிக்கு ஓடினான்.

ராஜாம்பாள் அவனுக்கு முன்பே அங்கே வந்து வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தும்முனவரு, விக்குக்காரன் அல்லாம் நானா கட்டி வுட்டதுடா. வந்தவங்க யாரும் சிரிக்கிற மாதிரி ஒண்ணும் பண்ணல. இனிமேதான் ஒருத்தரும் வரமாட்டாங்களே, அடுத்த வாரப் படத்துக்கு இன்னா பண்ணுவ?"

அவள் கேலி செய்யவில்லை. கவலையோடுதான் கேட்டாள்.

சின்னதுரையால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த அம்மாள் இலை போடச் சொன்னதும் அவனுக்கு முதலில் வந்த நினைப்பும் அதுதான்.