பத்திரமா பாத்துக்கங்க

உமாமகேஸ்வரி கைப்பிடியை மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். கார் திறக்கவில்லை.

பாம்பன் பாலத்தைத் தாண்டியதும் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. ரோட்டோரம் நிறுத்தி, இறங்கி, வாந்தி எடுத்துவிட்டு நிமிர்வதற்குள் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது. பை, செல்போன், சாவி எல்லாம் முன்சீட்டில்.

“சாவியத் தொலைச்சுட்டீங்களாம்மா?” டீக்கடை மாரீஸ்வரன் ஓடி வந்தார்.

“உள்ளதான் இருக்குண்ணே. இது சாவி போட்டுத் தொறக்குற வண்டி இல்ல. சாவி நம்மகிட்ட இருந்தாப் போதும், தொட்டாலே தொறந்துக்கிரும்.”

“ஆக, சாவி உள்ள, நீ வெளிய!” பக்கத்தில் கருவாடு விற்கும் செவ்வந்தி வெற்றிலையைத் துப்பினாள். உமாவை மேலும் கீழும் பார்த்தாள். “இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை வேற. தனியாவா வந்தே? வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தியா?”

உமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாரும் கேட்கும்படி இப்படியா கேட்பாள் ஒருத்தி?

“நீ சும்மா இரு செவ்வந்தி.” மாரீஸ்வரன் தன் செல்போனை நீட்டினார். “வீட்டுக்குப் பேசுங்கம்மா.”

ராமேஸ்வரத்தில் அண்ணன் தவசி இருந்தான். அவன் நம்பர் காருக்குள் கிடக்கும் செல்போனில் இருந்தது. மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர்தான். அதை அவள் சொல்ல மாட்டாள்.

“வேணாம்ணே. பஸ் வந்தா ஏறி அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்.”

“இம்புட்டுப் பெரிய வண்டியை அனாதையா விட்டுட்டா? பொறுங்கம்மா, பின்கண்ணாடியில போன் நம்பர் ஒட்டியிருக்குல்ல!”

“அண்ணே, வேணாம்...”

அதற்குள் ஸ்பீக்கரில் மணி அடித்தது.

“வணக்கம்ணே,” என்றான் அவள் கணவன் யோகேஸ்வரன். “பாம்பன்ல இருந்துதானே பேசுறீங்க?”

மாரீஸ்வரன் அசந்துபோனார். “எப்புடித் தம்பி?”

“வண்டி எங்கன நிக்குதுன்னு என் செல்லுல தெரியும்ணே. என் சம்சாரம்தான் எடுத்துட்டு வந்திருக்கு. வண்டி தானாப் பூட்டிக்கிரல. ரோட்டோரமா நிக்குதேன்னு பாதுகாப்புக்கு நான்தான் இங்கன இருந்து பூட்டுனேன்.”

கூட்டத்தில் யாரோ, “அடேங்கப்பா!” என்றார்கள்.

“அப்ப அங்கன இருந்தே தொறந்து விடுங்களேன் தம்பி. பாவம், பிள்ளை வெயில்ல நிக்குது.”

“ஒரு அமுக்கு அமுக்குனாத் தொறந்துரும்ணே. இருந்தாலும் நேர்லயே வாரேன். உச்சிப்புளி தாண்டிட்டேன். அதுவரைக்கும் அவளை எங்கயும் விட்டுறாதீங்க. பத்திரமா பாத்துக்கங்க.” குரல் இன்னும் மெதுவானது. “உமா... அங்கனயே நில்லு.”

அவன் கத்தினால்கூட அவளுக்கு அவ்வளவு பயம் இல்லை. மெதுவாகப் பேசினால்தான் பயம். சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“உக்காருங்கம்மா.” மாரீஸ்வரன் நாற்காலி கொண்டு வந்து போட்டார். ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் நிழல் கட்டியதுபோல் நெருங்கி நின்றார்கள்.

“பொண்டாட்டி மேல எம்புட்டு அக்கறை பாத்தீங்களா? போட்டது போட்டபடி ஓடியாராரு!”

“குடுத்து வச்ச பொண்ணு!”

பாலத்திலிருந்து ஒவ்வொரு வண்டி இறங்கும்போதும் உமாவின் கழுத்து தானாகத் திரும்பியது. அவனுடைய வெள்ளை வண்டியா? இல்லை. இதுவா? இல்லை. சோடா பாட்டில் கையில் வழுக்கியது.

ராமேஸ்வரம் பஸ் வந்து நின்றது. உமா எழுந்துவிட்டாள்.

மாரீஸ்வரன் குறுக்கே கையை நீட்டினார். “அட, எங்கம்மா போறீங்க? தம்பி என்னைய நம்பி விட்டுருக்காரு.”

“அண்ணே, என்னைய விட்டுருங்கண்ணே. அவரு வாரதுக்குள்ள...” அவள் பஸ் படியையே பார்த்தாள்.

அவர் சிரித்தார். “திட்டுவாருன்னு பயமா? பூட்டுனதே அவருதானே! சும்மா உக்காருங்க.”

அவர் கை அவளைத் தொடவில்லை. ஆனால் அந்தக் கையைத் தாண்டிப் போகவும் வழியில்லை. சுற்றிலும் நல்லவர்கள்.

‘சடார்!’

எல்லாரும் திரும்பினார்கள். காரின் முன்கதவுக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. வண்டி வீல்வீலென்று அலறியது. இரும்பு எடைக்கல்லைக் கையில் பிடித்தபடி நின்றாள் செவ்வந்தி.

“ஏ செவ்வந்தி! கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?”

“வயித்தெரிச்சல் புடிச்சவ! அடுத்தவன் வண்டியை...”

அவள் எடைக்கல்லைக் கீழே போட்டாள். கண்ணாடிச் சில்லுக்குள் கையை விட்டுப் பையையும் செல்போனையும் எடுத்தாள். புறங்கையில் ரத்தம் வழிந்தது. கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு வந்து, உமாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள்.

“அக்கா... வண்டி...”

“அது இங்கனயே கெடக்கட்டும். அதுலதான் அவன் கண்ணு இருக்கு. நீ ஏறு!”

படியில் ஏற்றிவிட்டுப் பையை அவள் மார்பில் திணித்தாள். பஸ்ஸின் முதுகில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினாள். “போண்ணே!”

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. உமா கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

மாரீஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். “பாவி மக! எம்புட்டு நம்பிக்கையா ஒப்படைச்சாரு. இப்ப வந்து கேட்டா அந்த மனுசனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

செவ்வந்தி ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“செல்லுலயே தொறக்க முடிஞ்சவன் நேர்ல எதுக்கு வாரான்னு, மொதல்ல நீ அவன்கிட்டக் கேளுண்ணே!”