நீல மூடி டப்பா

“பயப்படாதீங்கண்ணே. காசநோய்தான். ஆறு மாசம் மாத்திரையை விடாம போட்டா சரியாயிடும்” என்றார் நர்ஸம்மா.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் லைன் வீட்டில் சுவர் என்பது வெறும் பலகை. பக்கத்து அறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது. அந்தக் காதுகளுக்கு லீவே கிடையாது.

என் மனைவி அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. அடுப்புக்கும் பாய்க்கும் இடையே நர்ஸம்மாவின் பை வைக்கத்தான் இடம் இருந்தது.

மூன்று வாரமாக இருமியது நான். பஞ்சாலையில் இருமாதவன் யார்? ஆனால் போன மாதம் காசநோய் என்று தெரிந்ததும் இரண்டு பேரை மில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை போனால் இந்த அறையும் போகும். அறை மில்லுக்குச் சொந்தம்.

என் முகத்தைப் பார்த்தே நர்ஸம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மில்லுக்கு எதுவும் சொல்ல மாட்டார்களாம்.

இதை டப்பா கொடுத்த அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா, தாயே!

போன திங்கட்கிழமை விடிந்ததும், நீல மூடி போட்ட சளி டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள் என் மனைவி. அவளுக்கு என்ன, கல் மாதிரி இருக்கிறாளாம். அவள் சளியைக் கொடுத்துவிட்டால் என் வேலைக்கு ஆபத்தில்லையாம்.

ஒரே ஒரு இருமல். உடனே வந்துவிட்டது.

“அடிப்பாவி, கடையே வச்சிருக்கியா?” என்றேன். பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாதென்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அவ்வளவு சுலபமாக எப்படி வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை.

இப்போது கரண்டியைப் பிடித்திருந்த அவள் கை அசையவில்லை.

நர்ஸம்மா மாத்திரை அட்டையில் எழுதப் பேனாவைத் திறந்தார். சீட்டில் இருந்த என் பெயரைப் படித்து, இதுதானே என்று கேட்டார்.

இல்லை என்றேன். என் மனைவியின் பெயரைச் சொன்னேன்.

நர்ஸம்மா நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எனக்கு வேற டப்பா குடுங்கம்மா” என்றேன்.