நிமிர்ந்து பார்க்காதே

“டேய்! யாருடா அது? உள்ள போடா!”

போனிமான் கத்திக்கொண்டே வந்தான். ஜோக்ஜா நகரத்தின் அந்தச் சந்தைத் தெருவில், சனிக்கிழமை முற்பகலில், ஈ காக்கை இல்லை. ஒரே ஒருவன் மட்டும் நட்டநடுவில், மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு, முகத்தை நேராகச் சூரியனுக்குக் காட்டி நின்றான்.

கிரகணத்தைப் பார்த்தால் கண் அவிந்துபோகும் என்று டி.வி.யில் சொல்லிச் சொல்லி ஊரே நடுங்கிப்போயிருந்தது. ஜன்னல்களில் போர்வை, கதவிடுக்கில் கந்தல். வெளியே யாரும் தலைகாட்டாமல் விரட்டுவது ஊர்க்காவலன் போனிமானின் வேலை. போனிமானை உள்ளே விரட்டத்தான் ஆளில்லை.

அவன் மனைவிக்கு நிறைமாதம். வயிற்றில் சாம்பலைப் பூசிக்கொண்டு கட்டிலுக்கடியில் படுத்திருந்தாள். “புள்ள மூஞ்சியப் பாக்கக் கண்ணு வேணும், மறந்துடாதீங்க” என்று சொல்லித்தான் அனுப்பினாள். அதனால் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, தரையை மட்டும் பார்த்து நடந்தான். கிட்டே போனபோது அவனுக்குத் தெரிந்தது ஒரு ஜோடி செருப்பும் குடையின் நுனியும்தான்.

“யாரு நீ?”

“பாஸ்கோரோ. யுனிவர்சிட்டில ஃபிசிக்ஸ், மூணாம் வருஷம்ணே.”

“படிச்ச புள்ளையா நீ? கிரகணம் பாக்கணும்னா உள்ள போயி டி.வி.ல பாரு!”

“டி.வி.யும் ரேடியோவும் எனக்கு ஒண்ணுதாண்ணே.” பையன் சிரித்தான். “காலேஜ்ல சேர்ந்த நாள்லேர்ந்து இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். முதல் வருஷம் ராத்திரி பூரா மொட்டைமாடியில நட்சத்திரம் பாத்துக்கிட்டேதான் கெடப்பேன். நேரத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னதே நான். கூட வர்றேன்னு சத்தியம் பண்ணின ரெண்டு பேரும் இன்னிக்கு ஹாஸ்டல்ல கட்டிலுக்கடியில. அவனுங்களும் ஃபிசிக்ஸுதான்!”

“அவங்களுக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்லையே!” போனிமான் அவன் கையைப் பிடித்து இழுத்தான். பையன் நட்டு வைத்த கம்பம்போல் அசையவில்லை.

“சந்திரன் எத்துணூண்டு, சூரியன் எம்மாம் பெருசு. ஆனா அளவெடுத்துத் தச்ச மாதிரி ஒண்ணை ஒண்ணு மூடுது. அத நெனச்சா எனக்குத் தூக்கமே வராதுண்ணே.”

போனிமானுக்கும் ஒரு வாரமாகத் தூக்கமில்லை. காரணம்தான் வேறு.

வெயில் சாயம்போன துணியாக வெளிறியது. காற்று சில்லிட்டது. கோழிகள் பட்டப்பகலில் கூடு தேடி ஓடின.

“அண்ணே, மரத்தடியில வெளிச்சம் எப்படி விழுது? சொல்லுங்க.”

பரீட்சை வைக்கிறானா என்று எரிச்சலாக வந்தாலும் போனிமான் புளியமரத்தடியைப் பார்த்தான். தினமும் வட்ட வட்டமாக விழும் வெயில், இன்று மண்ணெல்லாம் பிறை பிறையாகக் கிடந்தது. அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“பிறையா விழுதுடா! என்னடா பண்ணி வெச்சே?”

“அது சூரியனோட உருவந்தாண்ணே, எலைச் சந்து வழியா விழுது. மெலிசாகுதா?”

“ஆகுது... வெட்டிப்போட்ட நகம் மாதிரி...”

“இன்னும் நிமிராதீங்க. அது சுத்தமா மறையட்டும்.”

சட்டென்று பிறைகள் அத்தனையும் போயின. தெரு இருண்டது. அடைத்த வீடுகளுக்குள் பெண்கள் அலறினார்கள். சூரியனை விழுங்கிய பூதத்தை விரட்ட, யாரோ வெறும் உரலை ஓங்கி ஓங்கி இடித்தார்கள்.

“பிறை இருக்கா?”

“ஒண்ணுமில்ல! எல்லாம் இருட்டு!”

“அப்ப இப்பப் பாக்கலாம்ணே! இப்ப ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நேரந்தான் இப்படி இருக்கும். பாருங்க!”

“மாட்டேன்! எனக்குப் புள்ள பொறக்கப் போவுது!” போனிமான் அழுதேவிட்டான்.

“உங்க காலப் புடிக்கிறேண்ணே. நம்ம ஆயுசுல இது இங்க இனி வராது.” பையனின் குரலும் உடைந்தது.

தொப்பி விளிம்புக்கடியில் பையனின் மோவாய் மங்கலாகத் தெரிந்தது. மேல்நோக்கியே இருந்தது. வெறுங்கண்ணோடு இத்தனை நேரம் நிற்கிறான், ஆ என்று ஒரு சத்தம் இல்லை. இவன் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, நம் கண்ணுக்கு மட்டும் என்ன ஆகிவிடும்?

ஆனாலும் பயம் விடவில்லை. போனால் ஒன்றோடு போகட்டும் என்று இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். கடவுளையும் மனைவியையும் ஒருசேர நினைத்துக்கொண்டு, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்தான்.

பொத்திய கை தானாகக் கீழே இறங்கியது.

“அம்மாடி...!”

“சொல்லுங்கண்ணே! எப்படி இருக்கு?” பாஸ்கோரோ அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

“என்னை ஏண்டா கேக்குறே? நீயுந்தானே பாத்துக்கிட்டு நிக்கிறே!”

“சீக்கிரம் சொல்லுங்கண்ணே, வெளிச்சம் வந்துடும்... போன வருஷத்துலேர்ந்து எனக்குக் கண்ணு தெரியாது.”